கண்டிச் சீமைக்கு – 1

டொரொன்டோவில் ஏறினால் துபாய்க்கு ஏறத்தாழ 13 மணி நேரம். அங்கே இறங்கிக் காத்திருந்து அடுத்த விமானம் பிடித்தால் கொழும்புக்கு இன்னும் நாலரை மணி நேரம். சாப்பாடு வரும், சினிமா வரும், தூக்கம் மட்டும் வராது. அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் கால் வீங்கிவிட்டது. கழற்றிய ஷூவைத் திரும்ப மாட்ட முடியவில்லை.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்கான காற்றழுத்தம்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. உதடு வெடிக்கும், தொண்டை வறளும். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் காலில் நீர் இறங்கும். அவ்வப்போது எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும்தான் வழி. நடு இருக்கை கிடைத்தவர்கள் கூச்சம் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிவிடுங்கள்.

துபாயில் கொழும்பு விமானத்துக்கான கேட் முன்னால் பெரும்பாலும் பெண்கள். வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை முடித்து ஊர் திரும்புகிறவர்கள். ஒருவர் என்னிடம் வந்து போர்டிங் பாஸை நீட்டினார்.

"அண்ணே, கொழும்பு பிளேன் இதுதானா?"

"ஆமாம்மா, நானும் அதுலதான் வர்றேன்."

ஹந்தானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவராம். ஹந்தானை, கண்டி நகரத்துக்கு மேலே உள்ள மலை. "நான் போறப்ப பெரியவ எட்டாம் ஆண்டுண்ணே. இப்ப ஓ.எல். பரீட்சை எழுதப் போறா" என்றார். நான் தமிழ்நாட்டுக்காரன் என்று தெரிந்ததும், "எங்க ஆளுகளும் அங்கேருந்து வந்தவங்கதான். திருச்சிப் பக்கம்னு தாத்தா சொல்லுவாரு" என்றார். எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். என் அப்பாயியின் பெரியப்பா கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பவில்லை. எந்தத் தோட்டம் என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பயணம்.

நீர்கொழும்புக் களப்பும் தென்னந்தோப்புகளும் கீழே தெரிய, கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினோம். பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கின்றன. குடிவரவு தாண்டியதும் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கும் வரியில்லாக் கடைகள். வேறு நாட்டு விமான நிலையங்களில் சாக்லேட்டும் சென்ட்டும் இருக்கும் இடம் அது. வெளிநாட்டில் உழைத்துத் திரும்புகிறவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணம், தேயிலை ஏற்றுமதி ஈட்டித் தருவதைவிடப் பல மடங்கு அதிகம்.

பெல்ட்டில் அந்தப் பெண்ணின் அட்டைப்பெட்டி வந்தது. சுற்றிலும் பழுப்பு டேப், குறுக்கே நைலான் கயிறு, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயர், தோட்டம், டிவிசன். ஒரு மூலை பிய்ந்து, உள்ளிருந்த போர்வையின் சிவப்பு தெரிந்தது. தூக்கி வண்டியில் வைத்தேன். "வாரேண்ணே" என்று வேகமாக வெளியே போய்விட்டார்.

வேன் பிடித்துக் கண்டிச் சாலையில் ஏறினேன். மாவனெல்லை தாண்டினால் கடுகண்ணாவ ஏற்றம். 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் டாசன் என்ற பொறியாளர் போட்ட பாதை. மேலே அவர் பெயரில் ஒரு கோபுரம் நிற்கிறது. குடைந்த பாறை வழியாகப் பழைய பாதையும் இருக்கிறது. 1867இல் ரயிலும் இந்த மலையேறிக் கண்டிக்கு வந்தது, காப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக.

காப்பி பறிக்க வந்த நம் சனங்கள் இந்த வழியாக வரவில்லை. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, ஆள் கூட்டிவந்த கங்காணிக்குப் பின்னால் காட்டு வழியே மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. விழுந்தவர்களுக்காகக் கூட்டம் நிற்கவில்லை. கால் வீங்கியதைப் பெரிய வருத்தமாக எழுதிய எனக்கு இதை நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள். நடந்தே வந்தவர்களின் பேத்திகள் இன்று விமானம் ஏறுகிறார்கள். ஏறுவது பிழைப்புக்காகத்தான் என்பது மட்டும் மாறவில்லை.

கண்டிக் குளக்கரையில் வேன் நின்றபோது வெயில் சாய்ந்திருந்தது. இந்தக் குளத்தை வெட்டியவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாயக்கர் வம்சம், பிள்ளைப்பெயர் கண்ணுச்சாமி. 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, பின்னர் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா இரண்டையும் பார்த்துவிட்டு நேரே நுவரெலியாவுக்கு ஏறிவிடுகிறார்கள். கண்டிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில்தான் மாத்தளை. நடந்து வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மன் அங்கே இருக்கிறாள். கண்டிக்கு வந்தால் ஒரு காலைப்பொழுதை மாத்தளைக்கு ஒதுக்குங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து எழுதுகிறேன்.