நிலாவில் பருப்பு வேகுமா?

நிலாக் குடியிருப்பில் நடக்கிற மாதிரி ஒரு கதை எழுதப்போகிறேன் என்றதும், "அங்க காத்தழுத்தம் எவ்வளவும்மா?" என்று கேட்டார் என் ஆசான். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். அறிவியல் புனைகதை எழுதுகிறவர். அவரிடம் கதை கற்றுக்கொள்ளப் போனால் முதலில் கணக்குதான்.

அப்பல்லோ கலங்களுக்குள் விண்வெளியில் இருந்தது பூமியின் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதுவும் தூய ஆக்சிஜன். அழுத்தம் குறைந்தால் சுவர் மெல்லியதாக இருக்கலாம், எடை மிச்சம். என் குடியிருப்புக்கும் அதையே வைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப உலை வை" என்றார்.

அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 72 டிகிரி செல்சியஸிலேயே தளதளவென்று கொதித்துவிடும். ஆனால் பருப்பு வேகாது, தேயிலையில் சாறு சரியாக இறங்காது. எல்லாவற்றுக்கும் குக்கர்தான். தாளித்தால் கடுகு பூமியில் ஒரு சாண் எழும்புவது அங்கே ஆறு சாண் எழும்பும். நிலாவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே! எண்ணெய் பற்றிக்கொண்டால் ஆக்சிஜனில் தீ விறுவிறுவென்று பரவும். 1967இல் தரைச் சோதனையில் அப்பல்லோ 1இன் மூன்று வீரர்களைப் பலிகொண்டதும் ஆக்சிஜன் நிரம்பிய கலத்தில் மூண்ட தீதான். அப்புறம், குக்கரின் கேஸ்கட் தேய்ந்தால்? பூமியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு ரப்பர் வளையத்துக்காக நாற்பது பேர் சமையற்காரரின் தயவை எதிர்பார்த்து நிற்கும் கதை அங்கேதான் பிறந்தது. எந்த வேற்றுக்கிரகவாசியும் எனக்கு இவ்வளவு தந்திருக்க மாட்டான்.

கதைக்காக நிஜத்தில் எதில் கை வைக்கலாம் என்பதற்கு ஆசான் காட்டும் உதாரணம் ஆர்தர் சி. கிளார்க். இலங்கையிலேயே வாழ்ந்தவர். 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் தரையிலிருந்து விண்வெளிக்கு ஏறும் லிஃப்ட் ஒன்று வருகிறது. அதைப் பூமத்திய ரேகையில் ஊன்ற வேண்டும். இலங்கையோ வடக்கே இருக்கிறது. கிளார்க் தீவையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தாப்ரபேன் என்ற பழைய பெயரைச் சூட்டினார். நகர்த்தியதை நூலிலேயே சொல்லியும்விட்டார். இயற்பியலைத் தொடாமல் வரைபடத்தைத் திருத்திக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

போட்ட கணக்கெல்லாம் நோட்டிலேயே இருக்க வேண்டும் என்பது ஆசானின் கண்டிப்பு. 72 டிகிரி என்று கதையில் வரக் கூடாது. புதிதாக வந்திறங்கியவன் ஆவி பறக்கும் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "என்ன இது, வெந்நியா?" என்று கேட்டால் போதும். அந்தக் காட்சியை எழுதி முடித்துவிட்டேன். அடுத்த சரக்குக் கலம் எப்போது வரும் என்று தீர்மானிக்க வேண்டும். கதையின் நீளம் அதைப் பொறுத்தது.