பெரியம்மாவின் பாயும் இரவல் மென்பொருளும்



பத்தமடைப் பாயைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்யும் அந்தப் பட்டுப்பாய் நம் சமுதாயப் பெண்மணிகளின் கைவண்ணம். அவ்வூரில் எனக்கு உறவான பெரியம்மா ஒருவர் இருக்கிறார். பார்வை மங்கி வருகிறது. இப்போது தறியில் இருப்பதே கடைசிப் பாய் என்று அவர் சொல்லிவிட்டார். அதைப் படமாக்கி வைக்க வேண்டுமென என் மாலை வகுப்பு மாணவர் மூவர் ஆசைப்பட்டனர். பெரியம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: முகம் வரக் கூடாது, கைகள் மட்டும் வரலாம். இசை வேண்டாம், தறியின் ஓசையே போதும் என்று நானும் ஒரு நிபந்தனை விதித்தேன். ஒரு கைப்பேசியைக் கொண்டு ஆறு மணி நேரம் படம் பிடித்தோம்.

படம் பிடிப்பது எளிது. ஆறு மணி நேரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதில்தான் வேலை இருக்கிறது. அதற்குக் கணினியில் படத்தொகுப்பு மென்பொருள் வேண்டும். மாணவருள் மூத்தவன் ஒரு நாள் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "ஹஜ்ரத், சினிமாக்காரங்க பயன்படுத்துறது. காசு கட்டாமலே ஓடும்" என்றான்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கணினியில் ஏற்றி, இரண்டு வாரம் அதிலேயே வேலை செய்தோம். நற்காரியத்திற்குத்தானே என்று மனம் சமாதானம் சொன்னது. மனம் சொல்லும் சமாதானங்களுக்குக் குறைவேது?

ஒரு நாள் அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூவரில் இளையவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்த பென் டிரைவுல இருந்தது யாரிடம் கேட்டு எடுத்தது?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். வகுப்பு முழுதும் என் முகத்தைப் பார்த்தது. நாளை சொல்கிறேன் என்று பாடத்தை முடித்தேன். இருபதாண்டு ஆசிரியப் பணியில் அப்படி ஒரு பாடத்தை நான் முடித்ததில்லை.

எனக்கு விடை தெரியாமலில்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்கத்துக்கும் கண்டுபிடிப்புக்குமான உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானம் செய்திருக்கிறது. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம். சட்டத்துக்கு அஞ்சியதைவிட அந்தச் சிறுவனின் கேள்விக்கே நான் அதிகம் அஞ்சினேன்.

மறுநாள் மூவர் முன்னிலையில் அதை அழித்தேன். இரண்டு வார வேலையும் உடன் போயிற்று. ஒரு மென்பொருளில் செய்த தொகுப்பை இன்னொன்று அப்படியே வாசிப்பதில்லை. மூத்தவன் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனான். மூன்று நாள் வரவில்லை.

பிறகுதான் முறையாகத் தேடினோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இதே இடத்தில் வந்து நிற்கக் கூடும். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அடோபி பிரீமியர் புரோ 2013 முதல் சந்தா முறைக்கு மாறியது. வருமானம் வருகிற தொழிலுக்கு அது சரி, ஆண்டுக்கொரு படம் எடுக்கும் நமக்கு அது வீண் சுமை. ஆஸ்திரேலிய நிறுவனமான பிளாக்மேஜிக் டிசைன் வெளியிடும் டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பே உண்டு. வண்ணத்தைச் செம்மை செய்வதில் அது திரைப்படத் துறையினரே போற்றுவது. நல்ல வரைகலை அட்டையும் 16 ஜிபி நினைவகமும் உள்ள கணினி வைத்திருப்போர் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளலாம். மதரஸாவின் பழைய கணினியில் இருந்ததோ 4 ஜிபி. ரிசால்வ் திறந்தது, அதற்குமேல் நகரவில்லை.

எங்கள் நிலைக்கு ஏற்றவையாக எஞ்சியவை கேடன்லைவும் ஷாட்கட்டும். இரண்டும் தன்னார்வலர் உழைப்பில் வளர்ந்தவை. எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் ஆக்கியோரே அனுமதி அளித்திருக்கிறார்கள். அனுமதியோடு வந்த பொருளைக் கையில் எடுக்கும்போது உண்டாகும் நிம்மதி தனி. ஷாட்கட்டைத் தேர்ந்தோம். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் பழைய நினைவகத் துண்டு ஒன்றை வாங்கி 8 ஜிபி ஆக்கினோம். இவற்றை அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்க வேண்டும். வேறிடங்களில் நச்சு நிரல் ஒட்டிக்கொண்டு வரும்.

பழைய கணினிக்கு ஓர் உபாயம் உண்டு. 'பிராக்ஸி' என்ற வசதியை இயக்கினால், ஒவ்வொரு பதிவுக்கும் அளவில் சிறிய நகலொன்றை மென்பொருளே உண்டாக்கிக்கொள்ளும். வெட்டி ஒட்டுவதெல்லாம் அந்த நகலில் நடக்கும்; இறுதிப் படத்தை ஆக்கும்போது மூலப் பதிவே பயன்படும்.

முதல் தொகுப்பை எடுத்துக்கொண்டு பத்தமடை சென்றோம். மூத்தவனும் வந்திருந்தான். திரைக்கு மிக அருகில் அமர்ந்து பார்த்த பெரியம்மா சிறிது நேரத்தில், "அடி ஒரு பக்கம் விழுது, சத்தம் ஒரு பக்கம் வருதே ஹஜ்ரத்" என்றார். எங்கள் கண்களுக்கு அது தெரியவே இல்லை. அறுபது ஆண்டுகள் அச்சுக்கட்டையை இழுத்து அடித்த காதல்லவா!

காரணம் பின்னர் விளங்கிற்று. கைப்பேசிகள் பல, நொடிக்கு இத்தனை படங்கள் என்ற கணக்கை ஒரே சீராகக் காப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் பதிகின்றன. தொகுக்கும்போது ஓசை மெல்ல மெல்ல விலகிப் போகிறது. இத்தகைய பதிவைத் திறந்தவுடனேயே, சீரான வேகத்துக்கு மாற்றித் தரவா என்று ஷாட்கட் கேட்டிருக்கிறது. நம் மாணவமணிகள் படித்துப் பாராமலே 'வேண்டாம்' என்று அழுத்தியிருக்கிறார்கள். எல்லாப் பதிவுகளையும் மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து தொகுக்க ஒன்பது நாட்கள் ஆயின. நீங்கள் தொடங்கும்போது ஒரே ஒரு நிமிடப் பதிவை இறுதிவரை செய்து பார்த்துவிடுங்கள். எங்களுக்கு நேர்ந்த வீண் அலைச்சல் மிச்சமாகும்.

இரண்டாம் முறை பெரியம்மா முழுப் படத்தையும் பேசாமல் பார்த்தார். ஏழாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்த இடத்துல ஒரு கோரை தப்பிப் போச்சு. பிறகு பிரிச்சுச் சரிபண்ணிட்டேன். பார்க்கிறவங்களுக்கு அது தெரிய வேணாம், எடுத்துடுங்க" என்றார். மூத்தவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். அரை நிமிடத்தில் வெட்டி இணைத்துவிட்டு, "இப்ப சரியா பெரியம்மா?" என்று கேட்டான்.

"முதல்ல இருந்து போடு" என்றார் அவர்.