ஏழு இடம், ஒரே டிக்கெட்

பெரிய துறைமுக நகரங்களுக்குப் போகும் சுற்றுலாப் பயணிக்கு முதலில் நீட்டப்படுவது ஒரு அட்டை. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, சிட்னி என்று எங்கு போனாலும் இந்த ஏற்பாடு உண்டு. ஒரு தடவை பணம் கட்டினால் போதும். அருங்காட்சியகம், மீன் காட்சியகம், கோபுரத்தின் உச்சி, துறைமுகத்தைச் சுற்றும் படகு எல்லாம் அதில் அடக்கம். தனித்தனியாக டிக்கெட் வாங்குவதைவிட மலிவு. அதிக இடம் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு இடத்துக்கும் ஆகிற செலவு குறையும். அதனால்தான் அட்டை வாங்கியவர் நடப்பதில்லை, ஓடுகிறார்.

சென்னையும் துறைமுக நகரம்தான். ஆனால் அந்த ஊரில் 'எல்லாம் அடங்கிய டிக்கெட்' என்றால் பல காலமாக ஒரே அர்த்தம்தான்: திருப்பதி. விடியுமுன் பஸ் ஏறுவது, வழியில் இட்லி, மலைமேல் சிறப்பு தரிசனம், சாப்பாடு, திருச்சானூரில் தாயார், இரவு வீடு. தமிழக அரசின் சுற்றுலாக் கழகம் நடத்திய இந்த ஒரு நாள் பயணத்தில் போய் வந்த ஒருவராவது இல்லாத தெரு சென்னையில் குறைவு. அந்த டிக்கெட்டின் உயிர் பஸ்ஸிலோ இட்லியிலோ இல்லை. தரிசனத்துக்கான உறுதியில் இருந்தது. 2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழு, முறைகேடு புகார்களைக் காரணம் காட்டி, பல மாநில சுற்றுலாக் கழகங்களுக்குத் தந்துவந்த 300 ரூபாய் தரிசன ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடிவெடுத்தபோது, அந்த உயிர்தான் ஊசலாடியது.

மேல்நாட்டு அட்டைக்கும் நம் ஊர் டிக்கெட்டுக்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே விற்கப்படுவது நுழைவு. இங்கே கோயிலுக்குள் நுழையக் காசு வேண்டாம். காத்திருந்தால் எவரும் பார்க்கலாம். விற்பனைக்கு வருவது நேரம். 1944-ல் மலைப்பாதை திறக்கப்படும்வரை திருமலைக்குப் போனவர்கள் நடந்தோ டோலியிலோதான் ஏறினார்கள். அப்போது நேரம் மலை ஏறுவதில் போனது. இப்போது பஸ் ஏறிவிடுகிறது. நேரம் கூண்டுகளில் உட்கார்ந்திருப்பதில் போகிறது. கடைசியில் பெருமாள் முன்னால் கிடைப்பது சில வினாடிகள். அதற்குள் 'ஜருகண்டி' வந்துவிடும். அந்தச் சில வினாடிகளுக்கான சீட்டின் விலை என்ன என்பது 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் தெரிந்தது. வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஒருவர் சென்னையில் இருக்கிறார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரக்கு வந்த நேரம், இறங்கிய நேரம், தாமதத்துக்கான கட்டணம் என்று 34 வருடம் எழுதியவர். 2023 ஜனவரியில் அவரும் மனைவியும் திருப்பதி போனார்கள். முதல் நாள், முன்கூட்டியே இணையத்தில் மகன் எடுத்துக்கொடுத்த டிக்கெட்டில் மலை தரிசனம். மறுநாள், சுற்றியுள்ள கோயில்களைக் காட்டும் தனியார் பஸ். ஏழு இடம், ஒரே டிக்கெட். அச்சடித்த தாளில் வரிசையாக இருந்தது: கபில தீர்த்தம், தொண்டவாடா அகஸ்தீஸ்வரர், சீனிவாச மங்காபுரம், காணிப்பாக்கம், திருச்சானூர், அப்பளாயகுண்டா, காளஹஸ்தி. கட்டணத்தை ஏழால் வகுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார்.

பஸ் கிளம்பியதும் தாளில் இல்லாத விஷயங்கள் தெரியவந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் 40 நிமிடம். அதில் செருப்பு விட, திரும்ப எடுக்க, கழிப்பறை போக 15 நிமிடம். கோயிலில் சிறப்பு வரிசைக்குப் போனால் அதற்குத் தனிக் காசு. போகாவிட்டால் 40 நிமிடம் போதாது. கபில தீர்த்தத்தில் மலையிலிருந்து விழும் தண்ணீரை மேல்படியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். மங்காபுரத்தில், கல்யாணமான கையோடு மலை ஏறாமல் சீனிவாசனும் பத்மாவதியும் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் ஊரில், வழிகாட்டி விசில் ஊதினார். "ஆறு மாசம் இருந்தாங்களாம். நமக்கு அரை மணி கூட இல்லை" என்றார் பின் சீட்டுப் பாட்டி. பஸ் சிரித்தது.

சந்திரகிரியில் பஸ் நிற்கவில்லை. "அந்தப் பக்கம் பாருங்க, கோட்டை" என்றார் வழிகாட்டி. பாறை மலையும் அதன் அடியில் ஒரு கட்டிடமும் தெரிந்து மறைந்தன. துறைமுகக்காரர் கழுத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். காரணம் உண்டு. தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தெற்கே நகர்ந்த விஜயநகர அரசின் தலைநகரங்களில் ஒன்று இது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு மதராசப்பட்டினத்துக் கடற்கரையைக் கொடுத்தவர் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே இருந்தது சந்திரகிரி அரசு. அந்த மணல்திட்டில்தான் கோட்டை வந்தது, நகரம் வந்தது, பின்னால் துறைமுகமும் வந்தது. தனக்கு 34 வருடம் சம்பளம் போட்ட ஊருக்குப் பட்டா எழுதிய இடம் அரை நிமிடத்தில் ஜன்னலைக் கடந்து போனது. அது டிக்கெட்டில் இல்லை.

காணிப்பாக்கத்துக்கு வந்தபோது மணி 11. கிணற்றுக்குள்ளிருந்து தோன்றியவர், இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்று நம்பப்படும் பிள்ளையார். இங்கே வந்து பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஊர் வழக்குகள் இவர் முன்னால் தீர்ந்திருக்கின்றன. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் மனைவி ஒரு மைல்கல்லைக் காட்டினார்.

"என்னங்க, இங்கேருந்து சித்தூர் பதினோரு கிலோமீட்டர்தானாம்."

அவர் புரிந்துகொள்ளாததுபோல் இருந்தார். ஆனால் புரிந்தது. அந்த அம்மாள் பிறந்தது சித்தூரில். 1983-ல் கல்யாணமாகி சென்னைக்கு வந்தவர். அடுத்த சில வருடங்களில் அப்பா அம்மாவும் அண்ணன் வீட்டோடு சென்னைக்கே வந்துவிட்டதால், திரும்பிப் போகக் காரணமே இல்லாமல் 40 வருடம் போய்விட்டது.

"டிக்கெட்ல இன்னும் மூணு இடம் பாக்கி இருக்கேம்மா" என்றார்.

"சாமி எங்கேயும் போயிடாது. எங்க வீடு இருக்கான்னு பார்க்கணும்."

சத்தியத்துக்குப் பேர்போன சந்நிதி வாசலில் நின்றுகொண்டு அவரால் வேறு சாக்கு சொல்ல முடியவில்லை. தனக்கும் முழங்கால் வலிக்கிறது, காளஹஸ்தி வரிசையில் நிற்கத் தெம்பில்லை என்பதை ஒப்புக்கொண்டார். வழிகாட்டியிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "ரீஃபண்ட் கிடையாது சார்" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

சித்தூர்த் தமிழர்களின் கதை பஸ் வழிகாட்டிகள் சொல்கிற கதையல்ல. மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது இந்த மாவட்டம் ஆந்திரத்தோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த அம்மாள் அந்தத் தலைமுறை. அப்பா வெல்ல மண்டியில் கணக்கெழுதியவர். கணக்குப் புத்தகம் தெலுங்கில், வீட்டுச் செலவு நோட்டு தமிழில். எல்லையைப் பற்றி யாராவது கேட்டால், "அது நம்ம திண்ணை வழியாத்தான் போகுது" என்பாராம்.

வெல்லமும் மாம்பழமும் இன்றும் சித்தூரின் அடையாளங்கள். நாம் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரியைப் பிழிந்து கூழாக்கி அனுப்பும் ஆலைகள் இந்தப் பக்கத்தில் நிறைய. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மாம்பழக் காலம் இல்லை. வெல்ல வாசனை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அந்த அம்மாள் நடந்தார். தெரு இருந்தது. வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம். கீழே செல்போன் கடை. கொஞ்ச நேரம் எதிரே நின்று பார்த்தார். அழவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு பழைய மளிகைக் கடை மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே வயதானவர் ஒருவர் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் துறைமுகக்காரர் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவி தெலுங்கில் பேச ஆரம்பித்தார். முதலில் தடுமாறி, பிறகு வேகம் பிடித்து, பிறகு நிறுத்தாமல். அப்பாவின் பெயரைச் சொன்னதும் கிழவர் எழுந்து நின்றார். வெல்ல மண்டி, தண்ணீர்க் குழாய்ச் சண்டை, யாரோ ஒருவர் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டது. கணவருக்கு ஊகிக்க முடிந்தது அவ்வளவுதான். மனைவி கையை ஆட்டி, குரலை உயர்த்தி, இடுப்பில் கைவைத்துச் சிரிப்பதை அவர் 40 வருடத்தில் பார்த்ததில்லை. சென்னையில் அந்த அம்மாள் குறைவாகப் பேசுகிறவர். அதுதான் சுபாவம் என்று குடும்பமே நினைத்திருந்தது. "எனக்குத் தெரியாத ஒருத்தி அங்கே நின்னுக்கிட்டிருந்தா" என்கிறார் அவர். பெருமையா வருத்தமா என்று கேட்டால் பதில் இல்லை.

கிழவர் அரைக் கிலோ வெல்லம் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மாலையில் ராணிப்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பினார்கள். கணக்குப்படி நஷ்டம்தான்: பார்க்காத மூன்று இடம், கூடுதல் ஆட்டோ, கூடுதல் பஸ். இந்த வெல்லத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரே டிக்கெட் ஏற்பாட்டைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. தனியாகப் போகத் தைரியமில்லாத வயதானவர்கள், மொழி தெரியாதவர்கள், ஒரே நாள் லீவு கிடைப்பவர்கள் ஆகியோருக்கு அது இல்லாவிட்டால் பயணமே இல்லை. அந்தப் பின் சீட்டுப் பாட்டி ஏழு கோயிலும் பார்த்துவிட்டு நிறைவாகத்தான் ஊர் திரும்பியிருப்பார். சிக்கல் டிக்கெட்டில் இல்லை. காசு கொடுத்துவிட்டோமே என்று, கால் வலித்தாலும் மனம் வேறு பக்கம் இழுத்தாலும், தாளில் உள்ளதை முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தில் இருக்கிறது. போட்ட பணம் திரும்பப் போவதில்லை, இறங்கினாலும் இறங்காவிட்டாலும். மிச்சமிருக்கும் பகல் மட்டும்தான் பயணியின் கையில் இருக்கிறது.

2024-ல் அவர்கள் மறுபடி போனார்கள். சப்தகிரி எக்ஸ்பிரசில் திருப்பதி, அங்கிருந்து சாதாரண பஸ்ஸில் சந்திரகிரி. மர உத்தரமே இல்லாமல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய ராஜ மகாலை, இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருப்பதை, அவர் அரை நாள் சுற்றினார். மறுநாள் குடிமல்லம். கி.மு. காலத்தைச் சேர்ந்ததாக அறிஞர்கள் பலர் கருதும் லிங்கம். அதன் முகப்பில் வேட்டைக்காரனைப்போல் நிற்கும் சிவன். அந்த நேரத்தில் வரிசை இல்லை, விசில் இல்லை. அர்ச்சகர் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிதானமாகக் காட்டினார். அவரிடம் தெலுங்கில் கேள்வி கேட்டது அந்த அம்மாள். திரும்பி நின்று கணவருக்குத் தமிழில் சொன்னதும் அவர்தான்.

காளஹஸ்தி இன்னும் பாக்கி இருக்கிறது.