வாடகை வீட்டில் ஓர் ஆணி

கோவில்பட்டியில் மே மாதம் என்றால் வெயிலும் பரீட்சை ரிசல்ட்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த பிறகு எனக்கு மே மாதம் என்றால் விண்ணப்பம். இங்கே பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் புதிய எழுத்தாளர்களுக்கென்று பயிற்சித் திட்டங்கள் நடத்துகின்றன. டிஸ்னி தன் திட்டத்தை 1990இல் தொடங்கியது. நான் எழுத வந்தபோது வார்னர் பிரதர்ஸுக்கு ஒரு பட்டறை இருந்தது, என்பிசி யுனிவர்சலுக்கும் ஒரு திட்டம் இருந்தது. பெரும்பாலும் வசந்த காலத்தில் வாசலைத் திறந்து, கோடைக்குள் சாத்திவிடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் அனுப்புவார்கள், எடுப்பது எட்டுப் பத்துப் பேரைத்தான். தேர்வானால் சில மாதம் பயிற்சி. அது நல்லபடியாக முடிந்தால் ஏதாவது ஒரு தொடரின் ‘ரைட்டர்ஸ் ரூம்’ எனப்படும் எழுத்தாளர் அறையில் ‘ஸ்டாஃப் ரைட்டர்’ நாற்காலி கிடைக்கலாம். தொலைக்காட்சி எழுத்து என்ற ஏணியின் முதல் படி அது.

நான் நான்கு முறை விண்ணப்பித்தவள். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆர்டீசியாவில் பயனியர் புலவார்டு என்ற தெரு முழுக்க நகைக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை. இங்கே அதை ‘லிட்டில் இந்தியா’ என்பார்கள். அந்தத் தெருவில் இரண்டு கடைகளுக்கு வரவு செலவு பார்ப்பது என் வேலை. 2019இல் ஒரு மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் நகைச்சுவைத் தொடர்களில் பல ஆண்டு எழுதி ஓய்வு பெற்ற அம்மா. இந்த நாட்டில் ஆசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு எழவில்லை. ‘மேடம்’ என்றே கூப்பிட்டேன். முதலில் சிரித்தார், பிறகு பழகிவிட்டார்.

முதல் பாடம் எழுத்து அளவு. கூரியர் எழுத்துரு, 12 புள்ளி. அதில் அடித்தால் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். அரை மணி நேர நகைச்சுவைக்கு முப்பது பக்கத்தை ஒட்டி, ஒரு மணி நேரத் தொடருக்கு ஐம்பது அறுபது. வகுப்பில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிற இடத்தில் நான் பிழைத்துக்கொள்வேன்.

இரண்டாவது பாடம், எழுத வேண்டியது இரண்டு வகை என்பது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடருக்கு நாமாக ஒரு பகுதி எழுதிப் பார்ப்பது ‘ஸ்பெக்’. யாரும் கேட்டு எழுதுவதில்லை, யாரும் எடுக்கப்போவதுமில்லை. அடுத்தவர் குரலில் பேச வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். சொந்தமாக உருவாக்கும் தொடரின் முதல் பகுதி ‘பைலட்’. சில திட்டங்கள் ஸ்பெக் கேட்கும், சில இப்போது பைலட் மட்டுமே கேட்கின்றன. இரண்டோடும் ஒரு சுயகட்டுரையையும் சேர்த்துக் கேட்கிற இடங்கள் உண்டு.

முதல் ஸ்பெக்குக்கு நான் எடுத்துக்கொண்டது ‘தி குட் பிளேஸ்’. செத்த பிறகு மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்ற கதை. பூமியில் செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் மதிப்பெண் போட்டுக் கணக்கு வைக்கும் அலுவலகம்கூட அதில் வரும். அசல் சித்திரகுப்தன் ஆபீஸ். ஒரு கணக்குப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? ஆறு மாதம் இழைத்து இழைத்து எழுதினேன். 2020 ஏப்ரலில் முடித்துவிட்டு விண்ணப்பத்தின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்தேன். ஸ்பெக், இப்போது ஒளிபரப்பில் உள்ள தொடருக்கு மட்டும். ‘தி குட் பிளேஸ்’ அந்த ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு எதையும் அனுப்ப முடியவில்லை.

“ஒரு சீரியல் எழுத இத்தனை ஃபார்மா? வருமான வரிக்காரனே இவ்வளவு கேக்க மாட்டானே” என்றார் என் கணவர்.

“வருமான வரி ஃபார்மை மட்டும் முழுசாப் படிச்சுட்டுத்தாங்க நிரப்புவேன்” என்றேன். தப்பு என் மேல்தான்.

2021இல் வேறொரு தொடருக்கு எழுதினேன். அந்த ஸ்பெக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆண்டு நான் விழுந்தது கட்டுரையில். ‘குறைந்த பிரதிநிதித்துவம் பெற்ற பிரிவினர்’ என்பது அப்போது இந்தத் திட்டங்களைச் சுற்றி அதிகம் புழங்கிய சொல். திரையில் யார் கதை வரவில்லையோ அவர்கள் எழுத வரட்டும் என்பது நோக்கம். எனக்கு அந்தச் சொல் விசித்திரமாக இருந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. கூட்டத்தோடு கூட்டமாக வளர்ந்தவள் நான். விமானம் ஏறி இறங்கியதும் அரிதானவளாகிவிட்டேன். சரி, அரிதானவள் அழ வேண்டும்போல என்று நினைத்து, அப்பா செத்ததற்குப் போக முடியாமல் போனது, விசாவுக்குக் காத்திருந்தது, முதல் குளிர்காலம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் கொட்டினேன்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதில் உனக்கு நடந்தது எல்லாம் இருக்கிறது. நீ பார்த்தது எதுவும் இல்லை” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியிருந்தது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனு. ஐயா சமூகம் பார்த்து உதவ வேண்டும் என்ற ஒரு வரிதான் பாக்கி. மனுவைப் படிப்பவருக்கு இரக்கம் வரும். ஆனால் இவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கதை பேசலாம் என்று தோன்றாது. எழுத்தாளர் அறைக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது அந்த இரண்டாவதைத்தான்.

அடுத்த கட்டுரையை வேறு இடத்தில் தொடங்கினேன். இருபது வருடம் கணக்கு எழுதியதில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. பொய் சொல்பவர்கள் முழு எண் சொல்வார்கள். “ஐநூறு டாலர் இருக்கும்” என்றால் சந்தேகப்படலாம். “நானூற்றி எண்பத்தேழு” என்றால் பெரும்பாலும் உண்மை. மனிதர்கள் பேசுவதை நான் அந்தக் காதோடுதான் கேட்கிறேன் என்று எழுதினேன். அப்பாவும் அதில் வந்தார், ஒரே ஒரு வரியில், ஒரு முழு எண் சொல்பவராக.

2022இல் ‘அபட் எலிமெண்டரி’ கிடைத்தது. குவிண்டா பிரன்சன் உருவாக்கிய தொடர், 2021 டிசம்பரில் தொடங்கியது. பிலடெல்பியாவில் பணம் இல்லாத ஒரு அரசுப் பள்ளி, அதன் ஆசிரியர்கள், அவர்களைப் படமெடுக்கும் ஆவணப்படக் குழு. எங்கள் ஊர் நகராட்சிப் பள்ளிக்கூடம் கண் முன்னால் நின்றது. ஆசையாக ஒரு கதை பண்ணினேன். தமிழ்நாட்டிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் அந்தப் பள்ளிக்கு வருகிறார், எல்லார் பிரச்சினையையும் தீர்க்கிறார், கடைசிக் காட்சியில் அங்கே ஆசிரியர்களான ஜனீனும் கிரெகரியும் சேர்ந்துவிடுகிறார்கள்.

மேடம் கேட்டது ஒரே கேள்வி. “வாடகை வீட்டில் குடியிருந்திருக்கிறாயா?”

“இப்பவும் வாடகை வீடுதான்.”

“சுவரை இடிப்பாயா?”

அவர் சொன்னது இதுதான். ஸ்பெக் எழுதுவது வாடகை வீட்டில் குடியிருப்பது. வெளியாளைக் கொண்டுவந்து வீட்டை அவர் கையில் கொடுக்கக் கூடாது, கதையை வீட்டுக்காரர்களே நடத்த வேண்டும். சேராதவர்களைச் சேர்த்துவைக்கக் கூடாது, அது படைத்தவர் முடிவு. பகுதி முடியும்போது வீடு நாம் குடிவந்த நாளில் இருந்தது போலவே இருக்க வேண்டும். “ஒரே ஒரு ஆணி அடிக்கலாம். அதில் உன் வீட்டுப் படத்தை மாட்டிக்கொள்” என்றார்.

நான் அதைத் திருத்தாமலே அனுப்பினேன். கிடைக்கவில்லை. அதன் பிறகுதான் ஆணியைத் தேட ஆரம்பித்தேன்.

கிடைத்த ஆணி மொய் நோட்டு. பள்ளி அலுவலகத்தில் ஒருத்திக்கு வளைகாப்பு, ஆசிரியர்கள் பணம் சேர்க்கிறார்கள். ஜனீன் எதையும் ஒழுங்காகச் செய்பவள், யார் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுகிறாள். நோட்டு பிரின்சிபல் ஏவா கையில் சிக்குகிறது. எங்கள் பக்கம் காதுகுத்து வீட்டில் மைக் போட்டு மொய் வாசிப்பதுபோல, அவள் பள்ளி ஒலிபெருக்கியில் பட்டியலை வாசிக்கிறாள். ஐம்பது டாலர் கொடுத்த ஆசிரியை பார்பராவுக்கு அது வெளியே தெரிந்ததில் கோபம், சமைத்துக் கொடுத்த ஆசிரியை மெலிசாவுக்குத் தன் பேர் வராததில் கோபம். தமிழ் ஆள் ஒருவர்கூடக் கதையில் கிடையாது.

அந்தப் பட்டியலில் ஜனீனுக்கு 11 டாலர் போட்டிருந்தேன். வகுப்பில் வாசித்தபோது ஏன் பதினொன்று என்று ஒருவர் கேட்டார். நூற்றியொன்று, ஐநூற்றியொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் வழக்கத்தை விளக்கினேன். விளக்கத்தையும் வசனமாக எழுதட்டுமா என்றேன். மேடம் பதறிவிட்டார். “வேண்டாம். ஜனீன் ஏன் பதினொன்று கொடுப்பாள்?” ஒரு வாரம் யோசித்தேன். கேமராவைப் பார்த்து அவள் சொல்கிறாள்: “பத்துன்னா ஏதோ கையில இருந்ததைக் குடுத்த மாதிரி இருக்கும். பதினொண்ணுன்னா யோசிச்சுக் குடுத்த மாதிரி.” வகுப்பு சிரித்தது. அது ஜனீன் பேச்சு. என் பாட்டி சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதுதான்.

பைலட்டுக்கு இந்த வேலை வேறு மாதிரி. அங்கே வீடு நம்முடையது, அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் மிண்டி கேலிங்கும் லேங் ஃபிஷரும் உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நெட்ஃபிளிக்ஸில் வந்தது. நாயகி தமிழ்க் குடும்பத்துப் பெண். 15,000 பேரிலிருந்து தேர்வாகி நடித்தவர் கனடாத் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். நான் உடனே ஒரு பள்ளிக்கூடப் பெண் கதை எழுதினேன். நகலாகத்தான் இருந்தது. எனக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் என்ன தெரியும்? கல்லாப்பெட்டி தெரியும். பிறகு எழுதியது நகைக்கடையில் கணக்கு எழுதும் ஒருத்தியின் கதை.

அதில் ஒரு காட்சி. முதலாளிக்கு அவள்மேல் சந்தேகம் வருகிறது. முதலில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அவர் குற்றம் சாட்டுகிறார், அவள் பதினைந்து வருட உழைப்பைச் சொல்லி அழுகிறாள். மேடம் பக்க ஓரத்தில் எழுதியது, “இந்த ஆள் நிஜத்தில் இப்படிக் கேட்பாரா?” கேட்க மாட்டார். எங்கள் தெருவில் எந்த முதலாளியும் கேட்க மாட்டார். இப்போது அந்தக் காட்சி அரைப் பக்கம். அவர் ஸ்டாக் நோட்டைப் புரட்டிக்கொண்டே, “லாக்கர் சாவியக் கொஞ்சம் குடும்மா, டூப்ளிகேட் போடணும்” என்கிறார். அவள் கொத்திலிருந்து சாவியைக் கழற்றுகிறாள். வளையம் இறுக்கம், நகம் உடைகிறது. “நாளைக்கே தந்துடுறேன்” என்கிறார். அவள் தலையாட்டுகிறாள். முடிந்தது.

இதற்கிடையே வெளியுலகமும் ஆட்டம் கண்டது. 2022 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் தன் பட்டறையை மூடுவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் ஓரிரு நாளில் தொடரும் என்றார்கள். 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. 148 நாள். சுமார் 11,500 உறுப்பினர்கள். அந்த ஆண்டு நான் எதையும் அனுப்பவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு பர்பேங்கில் ஒரு ஸ்டூடியோ வாசலில் தட்டி பிடித்து நடந்தேன். பக்கத்தில் நடந்தவர் எட்டு வருடம் பல தொடர்களுக்கு எழுதியவர், அப்போது கையில் வேலை இல்லை என்றார். ஏறத் துடித்த ஏணியின் நடுப்படியில் நிற்பவர்களுக்கே பிடிமானம் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எழுத்தாளர் அறையில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் அந்த வேலைநிறுத்தத்தில் சங்கம் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று.

2024இல் மொய் நோட்டும் லாக்கர் சாவியும் போயின. ஒரு திட்டத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். பதினொரு டாலரைப் பற்றிக் கேட்டார்கள், சிரித்தார்கள். பிறகு, “உங்கள் நகைக்கடை இரண்டாவது சீசனில் எங்கே இருக்கும்?” என்றார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. சாவி திரும்பி வருமா என்பது வரைதான் யோசித்திருந்தேன். முதல் பகுதியை ஒரு நல்ல சிறுகதைபோல முடித்துவைத்திருந்தேன். அவர்களுக்கு வேண்டியது முடியாத கதை, ஐம்பது பகுதிக்குத் தண்ணீர் ஊறும் கிணறு. மூன்று வாரம் கழித்து, இந்த முறை இல்லை என்று பதில் வந்தது.

2025 விண்ணப்பத்துக்கு முன் ஒரு நோட்டு வாங்கி, அந்தக் கடையில் இன்னும் என்னென்ன நடக்கலாம் என்று எழுத ஆரம்பித்தேன். முப்பத்து நான்கு கதை வந்தது. அந்த ஆண்டும் கிடைக்கவில்லை. கதைகள் இப்போது நாற்பத்தொன்று.

இந்தப் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல எனக்கு நான்கு விஷயம் உண்டு. சொந்தக் கதையைத் தொடும் முன் அடுத்தவர் தொடருக்கு ஒரு ஸ்பெக் எழுதுங்கள், காது திறக்கும். கட்டுரையில் மனு எழுதாதீர்கள். கையெழுத்துப் பிரதியை எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவையுங்கள், உறுப்பினர் அல்லாதவரும் பதியலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.