மூன்றும் இரண்டும் ஐந்து

ஆனி மாதம் பிறந்துவிட்டால் மதுரை நகரின் சுவர்கள் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடுகின்றன. மாட்டுத்தாவணியில் வந்திறங்கும் பெற்றோரின் கைகளில் துண்டறிக்கைகள் திணிக்கப்படுகின்றன. 'இரண்டே ஆண்டில் செவிலியர் பட்டம்' என்பது அவற்றுள் ஒன்று. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வருகின்ற எளிய குடும்பங்களுக்கு அது ஒரு குறுக்கு வழியாகத் தோன்றுவது இயல்பே. அது குறுக்கு வழிதானா என்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நமக்கு நன்மை பயக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பை அறிவியல் பாடங்களுடன் முடித்தவர் நான்காண்டுகள் பயின்று பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெறலாம். அதற்கு வசதியோ வாய்ப்போ இல்லாதவர் ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டுப் பட்டயப் பயிற்சியை முடித்து, மாநிலச் செவிலியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு பணிக்குச் செல்கிறார். இவ்வாறு பதிவு பெற்றவருக்கென்றே அமைந்தது 'போஸ்ட் பேசிக்' எனப்படும் இரண்டாண்டுப் பட்டப்படிப்பு. துண்டறிக்கை கூறும் இரண்டாண்டு இதுவே.

அமெரிக்க நாட்டில் விரைவுப் பட்டம் என்பதற்குப் பொருளே வேறு. வேறு துறையில் பட்டம் பெற்ற ஒருவர் அங்கே ஏறத்தாழ 11 முதல் 18 மாதங்களில் செவிலியர் பட்டம் பெற்றுவிடலாம். நம் நாட்டிலோ, விலங்கியலில் பட்டம் பெற்றவரும் முதலாம் ஆண்டிலிருந்தேதான் தொடங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே கற்ற ஏட்டுக் கல்வி கணக்கில் கொள்ளப்படுகிறது. இங்கே கணக்கில் கொள்ளப்படுவது நோயாளியின் கட்டிலருகே பெற்ற பயிற்சி.

ஆனால் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். நேரே பட்டப்படிப்பில் சேர்ந்தவருக்கு ஆகும் காலம் நான்காண்டு. பட்டயம் வழியாக வந்தவருக்கு மூன்றும் இரண்டும் ஐந்து. இடையே ஊதியத்திற்காக உழைத்த ஆண்டுகள் இதில் சேரா. ஆக, விரைவான வழி என்று விளம்பரம் செய்யப்படுவது உண்மையில் நீண்ட வழியே. அந்த ஓராண்டு, வறுமை செலுத்துகின்ற வரி.

நம் பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் மாலைத் திருப்பலிக்குப் பின் நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தார். முப்பது வயதைக் கடந்தவர்; இரண்டு பிள்ளைகளின் தாய்; பதினோர் ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனையில் பணிபுரிபவர். "இத்தனை நாள் சம்பாதித்த பிறகு இனியென்ன படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்களம்மா?" என்றோம். "கேட்கிறார்கள், சாமி. நான் வேலை சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே பட்டம் வாங்கிக்கொண்டு எனக்கு மேலே வந்துவிட்டார்கள். அது பொறாமை இல்லை, சாமி. ஆனால் கையிலிருக்கும் வேலைக்குக் காகிதம் இல்லையே" என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. செவிலியர் கல்லூரியில் கற்பிக்கவும் முதுகலை பயிலவும் பட்டமே வாயில். அயல்நாட்டு மருத்துவமனைகள் பலவும் அதையே கேட்கின்றன.

விண்ணப்பம் என்பது ஒரு தாளை நிரப்புவதோடு முடிவதன்று. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு விண்ணப்பங்களைப் பெற்றுத் தரவரிசைப்படி கலந்தாய்வு நடத்துகிறது. பட்டயத்தின் ஒவ்வோர் ஆண்டு மதிப்பெண் பட்டியலும், செவிலியர், தாதியர் என இரண்டிற்குமான பதிவுச் சான்றும், மாற்றுச் சான்றும், சாதிச் சான்றும் வேண்டும். இந்தச் சாதிச் சான்றில்தான் நம் மக்கள் பலருடைய பழைய காயம் மீண்டும் திறக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி ஆதிதிராவிடக் கிறிஸ்தவருக்குப் பட்டியல் இனத்தவர் என்னும் தகுதி இல்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலேயே வைக்கப்படுகின்றனர். அதே தெருவில், அதே இழிவைச் சுமந்து வாழ்கின்ற இரு பெண்களுள் ஒருத்திக்குத் திறக்கும் கதவு, திருமுழுக்குப் பெற்ற காரணத்தால் மற்றொருத்திக்குத் திறப்பதில்லை.

இடம் கிடைத்த பின்னும் பாதை எளிதாகிவிடுவதில்லை. உயிர் வேதியியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல், சமூக நலச் செவிலியம், மனநலச் செவிலியம், ஆய்வுமுறையும் புள்ளியியலும் எனப் பாடங்கள் விரிகின்றன. ஆங்கிலமும் ஒரு பாடம். நரம்பைத் தொட்ட மாத்திரத்தில் ஊசி ஏற்றத் தெரிந்த கை, தேர்வுத் தாளில் ஆங்கில வாக்கியம் ஒன்றை முடிக்கத் தடுமாறுகிறது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு சிறிய ஆறுதல். ஆனால் வேலையை விட்டு வந்தவருக்கு இரண்டாண்டு ஊதியம் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமோ காத்திருப்பதில்லை.

தொடக்க நூலில் யாக்கோபின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. ராகேலுக்காக ஏழாண்டுகள் உழைத்தவரிடம், உமக்குக் கிடைத்தது நீர் விரும்பியதன்று, இன்னும் ஏழாண்டுகள் உழையும் என்கிறார் லாபான். முந்தைய உழைப்பு பொய்யானதன்று. ஆயினும் அது போதாது என்று கூறும் அதிகாரம் லாபானிடம் இருந்தது. பட்டயம் பெற்ற செவிலியரின் நிலையும் இத்தகையதே. யாக்கோபு இரண்டாம் முறையும் உழைத்தது அன்பினால். ஆனால் அந்த அன்பு லாபானை நியாயவானாக்கிவிடவில்லை.

உழைக்கும் கைகளை உரிய காலத்தில் அறிந்தேற்பது உலகிற்கு என்றுமே எளிதாக இருந்ததில்லை. செவிலியத்திற்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பதே நம் நாட்டில் 1946-இல்தான் தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. பேறுகால மருத்துவத்தில் துறவற சபைப் பெண்கள் முழுமையாக ஈடுபடத் திருச்சபை 1936-இல்தான் வழி திறந்தது. அதுவரை எத்தனை தாய்மார் உதவியின்றி இறந்தார்கள் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

ஆகவே, இந்தச் சகோதரிகள் பொருட்டு நம் அன்பியங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, துண்டறிக்கையை நம்பிப் பணம் கட்டுமுன், கல்லூரிக்கு இந்தியச் செவிலியர் குழுமத்தின் ஏற்பும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் உண்டா என்று விசாரித்துத் தருவது. படித்தவர் ஒருவர் உடன் சென்றாலே போதும். ஒரு குடும்பத்தின் நகை தப்பும். இரண்டாவது, தேர்வுக் காலத்தில் அவருடைய பிள்ளைகளுக்கு மாலையில் ஓர் இடமும் ஒரு வேளை உணவும் தருவது. மூன்றாவது, ஆங்கிலம் அறிந்த நம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாரத்தில் இரு நாள் அவருக்காக ஒதுக்குவது. இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை.

நல்ல சமாரியர் உவமையில் நாம் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். சமாரியர் காயங்களைக் கட்டினார், இரண்டு தெனாரியம் தந்தார், மறுநாள் தம் வழியே சென்றார். அதன்பின் இரவுகளில் கண்விழித்துப் புண்ணைக் கழுவியவர் சாவடிப் பொறுப்பாளர். அவர் பெயரை நற்செய்தி கூறவில்லை. அவர் என்ன படித்தவர் என்று அந்தக் காயமுற்றவரும் கேட்டிருக்க மாட்டார். ஆனால் சமாரியர் அவரிடம் ஒன்றைச் சொல்லிச் சென்றார்: கூடுதலாக ஆகும் செலவைத் தாம் திரும்பி வரும்போது தருவதாக. கவனித்துக்கொள்பவருக்கும் செலவு உண்டு என்பதை அந்தப் பயணி அறிந்திருந்தார். கோரிப்பாளையத்தின் அரசு இராசாசி மருத்துவமனையில் நம் தாயோ தந்தையோ கண்விழித்து நலமுற்ற நாள்கள் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கூடுதல் செலவு இன்னும் நம் கணக்கில் நிலுவையாக நிற்கிறது.