தம்பானைக்கு ஒரு தடவை போய் வாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறும் வாசகர்களே! மகா ஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனையை நெருங்கும்போது நீங்கள் பெரும்பாலும் கண்ணயர்ந்திருப்பீர்கள். அடுத்த முறை விழித்திருங்கள். பிரதான வீதியை விட்டு உள்ளே சென்றால் தம்பானை வரும். இந்நாட்டின் ஆதிக்குடிகளான வேடர்களின் ஊர் அது. அவர்கள் தம்மை 'வன்னியலா எத்தோ' என்பர். வனத்தில் வாழ்வோர் என்பது பொருள்.

தோளில் கோடரியோடு வரும் பெரியவர் உங்கள் இரு முன்கைகளையும் பற்றி வரவேற்பார். அதுவே அவர்களின் முகமன். அவரிடம் காட்டைப் பற்றிக் கேளுங்கள். மருந்து மூலிகை எது, தேன் கிடைக்கும் காலம் எது என்பதெல்லாம் ஏட்டில் படித்ததல்ல; தகப்பன் மகனுக்குக் காட்டிக் கொடுத்தவை. சினைப்பட்ட மிருகத்தை வேட்டையாடக் கூடாது என்பதும் முன்னோர் விதித்த கட்டுப்பாடாம்.

அப்படிப்பட்டவர்களைக் காட்டிலிருந்து பிரித்தது எது தெரியுமா? வனப் பாதுகாப்புத்தான்! மகாவலித் திட்டத்தை ஒட்டி, 1983 நவம்பரில் 58,850 ஹெக்டேயர் நிலம் மாதுரு ஓயா தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பரம்பரை வேட்டை நிலத்தில் வேட்டையாடுவது குற்றமாயிற்று. பல குடும்பங்கள் ஹெனானிகலைக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமியோ தம்பானையை விட்டு அசைய மறுத்தார். 1998இல் அவர் மறைந்தபின் மகன் வன்னில எத்தோ தலைவரானார்.

2020இல் பொல்லெபெத்த, ரம்பக்கன் ஓயாப் பகுதியில் சோளச் செய்கைக்காகக் காடு அழிக்கப்பட்டது. அதைத் தடுக்கக் கோரி, சூழல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றவர் அதே வன்னில எத்தோதான். காட்டுக்கு ஆகாதவர்கள் என ஒதுக்கப்பட்டவர்களே காட்டுக்காக வழக்காட நேர்ந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஆனால் அங்கு வாழ்ந்த மக்களை அதற்காக வெளியேற்றவில்லை. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று நம்புகின்ற நாம், அந்த அமானிதத்தைத் தலைமுறைகளாகப் பேணிவந்தவர்களிடம் பாடம் கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். வேடிக்கை பார்க்கவல்ல, விருந்தாளியாக. ஒரு போத்தல் தேன் வாங்குங்கள். கொண்டுபோன பொலித்தீன் பைகளை மறக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள்.