கையா, குரலா

நடுக்குவாதம் என்ற பெயர் பார்க்கின்சன் நோயின் வெளித்தோற்றத்தை மட்டுமே சொல்கிறது. எட்டு ஆண்டுகளாக அதனோடு வாழ்பவனுக்கு நடுக்கத்தைவிடப் பெரிய துன்பம் தாமதம்தான். நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஏதோ ஒன்று வந்து அமர்ந்துகொள்கிறது. சட்டைப் பொத்தானைப் போடக் கால்மணி நேரம் ஆகிறது. எழுதத் தொடங்கினால் வரி முடிவதற்குள் எழுத்துகள் எறும்புகளாகச் சிறுத்துவிடுகின்றன. முப்பதாண்டுகள் கரும்பலகையில் எழுதிய தமிழாசிரியனின் கை இது.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதினார். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது இது. நான் விழுங்கும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. நம் பக்கத்துப் புதர்களில் படரும் பூனைக்காலியின் விதையிலும் அது உண்டு. 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது இந்நோய்க்கு மருந்தாகும் என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. விதையை அரைத்துக் குடிக்கச் சொல்லும் நண்பர்கள் உண்டு. விதைக்கு விதை அளவு மாறும் என்பதால் நான் மாத்திரையோடு நிற்கிறேன்.

காலையில் கோமுகி அணைப் பக்கம் வேகமாக நடக்கிறேன். மாதம் ஒருமுறை கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலை செல்கிறேன். சமதளமான வீட்டு வாசலில் தரையோடு ஒட்டிக்கொள்ளும் கால்கள், கல்லும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் தாமாக எழுகின்றன. “பஸ்ஸுல இருந்து எறங்கத்தான் தடுமாறுறீங்க, மேட்டுல நல்லாத்தான் ஏறுறீங்க சார்” என்றார் அவ்வூர்க்காரர் ஒருவர். கண்முன் ஒரு குறி இருந்தால் மூளை வேறு வழியில் காலுக்கு ஆணையிடும் என்று மருத்துவர் விளக்கினார். வீட்டுத் தரையிலும் இப்போது வண்ண நாடாக்கள் ஒட்டியிருக்கிறோம்.

மாத்திரையின் பலன் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடுவதால், மருத்துவர் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை பற்றிப் பேசினார். 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் தொடங்கிவைத்த முறை அது. மண்டையோட்டில் துளையிட்டு மூளைக்குள் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, மார்புத் தோலுக்கடியில் மின்கலக் கருவியைப் பொருத்துவார்கள். நடுக்கம் குறையும், மருந்தின் ஏற்ற இறக்கம் தணியும். ஆனால் நோயின் போக்கு நிற்காது. நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு நேரலாம், கிருமித் தொற்று வரலாம். சிலருக்குப் பேச்சு குழறும்.

நான் நின்றது இந்தக் கடைசி வரியில்தான். நூற்றில் இருவர் என்பது மருத்துவருக்கு ஒரு கணக்கு. அந்த இருவரில் ஒருவனாகிவிட்டால் எனக்கு அது முழு இழப்பு. கை திரும்பி, குரல் போனால்? மனைவியிடம் கேட்டேன். “கை நடுங்குனா நான் எழுதித் தர்றேன். நீங்க பேசலைன்னா இந்த வீட்டுல யாரு பேசுறது?” என்றாள்.

காத்திருப்பதும் ஆபத்தில்லாததல்ல. லெவோடோபா பலன் தரும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்தால்தான் இந்த அறுவையால் பயன். எனவே மருத்துவரோடு பேசி ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்குமேல் உடல் முடங்கிக் கிடக்கும் நிலை வந்தால் அறுவைக்குச் சம்மதம். அதுவரை மலையும் மாத்திரையும். நோயே குரலைத் தாழ்த்தும் என்பதால் தினமும் அரைமணி நேரம் உரக்கப் படிக்கிறேன். எந்த மணிக்கு மாத்திரை போட்டேன், எப்போது உடல் இறுகியது என்பதற்கு ஒரு குறிப்பேடு இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். இக்கட்டுரையும் அப்படித்தான் எழுதப்பட்டது.